திம்புள்ளத் தேயிலை: மாதம், தண்ணீர், நிமிடம்

தேத்தண்ணி நல்லதா இல்லையா என்பதை நாம் நிறத்தைப் பார்த்தே முடிவு செய்து பழகிவிட்டோம். கடைக்காரரும் "நல்லாச் சாயம் இறங்கும்" என்றுதான் தூளை நிறுத்துத் தருகிறார். பால் ஊற்றிய பிறகும் செங்கல் நிறத்தில் நின்றால் தூள் நல்லது, வெளிறினால் கலப்படம். இந்தக் கணக்கோடு திம்புள்ளவின் பெப்ரவரித் தேயிலையை வாங்கியவர் ஏமாந்துதான் போவார். அதன் நிறம் அடர்த்தி குறைந்தது, தேனுக்கும் செம்புக்கும் இடைப்பட்டது. விலையோ கடைத் தூளைவிடப் பல மடங்கு. அந்த விலை நிறத்துக்குக் கொடுப்பதல்ல, மணத்துக்கும், நாக்கில் பட்டதும் வாய் விழித்துக்கொள்ளும் அந்தத் துடிப்புக்கும் கொடுப்பது. இரண்டும் எளிதில் கெடும். பெட்டியைத் திறந்த பிறகு அவற்றைக் கெடுப்பது பெரும்பாலும் நம் சமையலறைதான்.

மலையும் காற்றும்

ஹட்டனில் இருந்து நானுஓயா வரை ரயிலில் போகிறவர் யன்னலின் இரு பக்கமும் பார்க்கும் மலைகளில் பெரும்பகுதி தேயிலை வணிகத்தின் கணக்கில் திம்புள்ளவைச் சேர்ந்தது. கொட்டகலை, பத்தனை, தலவாக்கலை, லிந்துலை, அக்கரப்பத்தனை, தெற்கே டிக்கோயா, நோர்வூட், பொகவந்தலாவை, மஸ்கெலியா எல்லாம் இதற்குள் வரும். உயரம் ஏறத்தாழ 1,100 முதல் 1,600 மீற்றர் வரை. 1,200 மீற்றருக்கு மேல் விளைவதை 'ஹை குரோன்' என்பார்கள். திம்புள்ளவில் பெரும்பகுதி அந்த எல்லையில் அல்லது அதற்கு மேல் நிற்கிறது.

இந்தச் சரிவுகள் முதலில் கோப்பிக் காடுகள். 1869இல் இலங்கையில் கண்டறியப்பட்ட கோப்பி இலைத்துரு நோய் பதினைந்து, இருபது ஆண்டுக்குள் அந்தத் தொழிலைத் தின்று முடித்தது. அதற்கு இரண்டு ஆண்டு முன்பே, 1867இல், கண்டிப் பக்கம் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை நட்டிருந்தார். கோப்பி செத்த இடத்தில் தேயிலை ஏறியது. 1883 ஜூலை 30இல் கொழும்பில் முதல் தேயிலை ஏலம் நடந்தது, 1884இல் ரயில் ஹட்டனைத் தொட்டது, அடுத்த ஆண்டு நானுஓயாவை. கொழுந்து பறிக்கவும் காடு வெட்டவும் தமிழ்நாட்டில் இருந்து வந்து சேர்ந்தவர்களின் வரலாறு தனி நூலுக்குரியது. இந்த அத்தியாயத்தில் அது ஓர் இடத்தில் மட்டும் தலைகாட்டும்.

சுவைக்குக் காரணம் காற்று. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை இந்த மேற்குச் சரிவில்தான் மோதிக் கொட்டும். செடி மளமளவென்று தளிர்க்கும், கொழுந்து நீர் கோத்துப் பருக்கும், தேயிலை நிறையக் கிடைக்கும், ஆனால் சப்பென்று இருக்கும். ஜனவரி வந்தால் நிலைமை மாறும். வடகிழக்கில் இருந்து வரும் காற்று தன் ஈரத்தை ஊவாப் பக்கமே இறக்கிவிட்டு, உலர்ந்து குளிர்ந்து மலையைத் தாண்டி இங்கே இறங்குகிறது. பகலில் தெளிந்த வெயில், இரவில் கடுங்குளிர். அக்கரப்பத்தனைப் பக்கத்துப் பள்ளங்களில் சில விடியல்களில் உறைபனி விழுந்து கொழுந்து கருகிப்போவதும் உண்டு. செடி மெதுவாகத்தான் வளரும், சிறுத்த கொழுந்துக்குள் மணப்பொருள்கள் செறியும். ஜனவரி முதல் மார்ச் வரையான இந்தக் காலத்தைத்தான் மேற்குப் பக்கத்துத் தரப் பருவம் என்கிறார்கள். சிவனொளிபாத மலைக்கு யாத்திரீகர் ஏறும் காலமும் இதுதான் என்பதால் ஹட்டன் பஸ் நிலையத்தில் நிற்க இடம் இருக்காது. தொழிற்சாலை பார்க்கப் போகிறவர்கள் பூரணையையும் வார இறுதியையும் தவிர்த்துக்கொள்ளுங்கள்.

உலகம் விரும்பிக் குடிக்கும் இந்த மூன்று மாதமும் மலையில் கொழுந்து குறைந்த காலம். நாளுக்கு இத்தனை கிலோ என்று நிர்ணயித்த நிறை வராவிட்டால் பறித்தவருக்கு அன்று 'அரைப் பேர்' தான், அதாவது பாதி நாள் சம்பளம். செடி அடக்கி வைத்திருக்கும் கொழுந்தைத் தேடி, மட்டக்கம்பை வைத்து மட்டம் பார்த்து, இரண்டு இலையும் மொட்டுமாகக் கிள்ளி எடுப்பதற்கு மழைக்காலத்தைவிடக் கூடுதல் நேரம் பிடிக்கும், கூடையோ நிறையாது. பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் 'சீசனல் குவாலிட்டி' என்ற இரண்டு சொல்லுக்குள் இதுவும் அடக்கம்.

பெட்டியில் எதைப் படிப்பது

பெட்டியில் பெரிதாகப் போட்டிருக்கும் எழுத்துகள் தரத்தைச் சொல்வதில்லை. பி.ஓ.பி., பி.ஓ.பி.எஃப்., ஓ.பி., பெக்கோ, டஸ்ட் 1 எல்லாமே இலைத்துண்டின் அளவையும் உருவத்தையும் குறிப்பவை. சல்லடையில் எந்தத் தட்டில் தங்கியதோ அந்தப் பெயர். ஒரே நாள், ஒரே தொழிற்சாலை, ஒரே கொழுந்தில் இருந்து பி.ஓ.பி.யும் வரும், டஸ்டும் வரும். மழை மாதத்து ஓ.பி.யைவிடப் பெப்ரவரி மாதத்து டஸ்ட் மணக்கும். ஓ.பி. என்றால் உயர்ந்தது, டஸ்ட் என்றால் கழிவு என்று சுற்றுலாக் கடைகளில் சொல்லப்படும் கதையைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

திம்புள்ளவில் அதிகம் செய்யப்படுவது பி.ஓ.பி.யும் அதைவிடப் பொடியான பி.ஓ.பி.எஃப்.பும். பொடி என்றால் தண்ணீர் படும் பரப்பு கூடும், சாறு சட்டென்று இறங்கும். சுவை பார்த்துப் பழக நினைப்பவர் பி.ஓ.பி.யில் தொடங்கலாம் என்பது என் எண்ணம். முழு இலை கண்ணுக்கு அழகுதான், ஆனால் திம்புள்ளவின் இயல்பான குரல் பி.ஓ.பி.யில்தான் கேட்கிறது. இங்குள்ள தொழிற்சாலைகள் தலைமுறை தலைமுறையாகக் கை பழகியது அதற்குத்தான்.

நீங்கள் தேட வேண்டியவை வேறு. முதலில் தோட்டத்தின் பெயர். 'திம்புள்ள' என்று மட்டும் இருந்தால் அது பல தோட்டங்களின் கலவை. கலவை கெட்டதல்ல, ஆனால் பழகுவதற்கு ஒற்றைத் தோட்டமே உதவும். இரண்டாவது செய்த மாதம். பொதி செய்த திகதியும் தேயிலை செய்த திகதியும் ஒன்றல்ல. தொழிற்சாலையில் செய்த தூள் ஏலப் பட்டியலில் ஏறி, கொழும்பில் விலைபோய், பெட்டிக்குள் வர வாரக்கணக்கில் ஆகும். பெப்ரவரியில் செய்தது கடைக்கு வர ஏப்ரல், மே ஆகிவிடலாம். அதனால் ஜனவரியில் 'புதுச்சரக்கு' என்று ஒருவர் நீட்டினால், எந்த மாதம் செய்தது என்று கேளுங்கள். மூன்றாவது, இலங்கைத் தேயிலைச் சபையின் சிங்கச் சின்னம். அது முழுக்க இலங்கைத் தேயிலை, இலங்கையிலேயே பொதி செய்தது என்பதற்கு உறுதி. நல்ல மாதத்துச் சரக்கா என்பதை அந்தச் சிங்கம் சொல்லாது.

அளவில் ஆசைப்பட வேண்டாம். 100 கிராம் போதும்.

தண்ணீர்

இந்த அத்தியாயத்தில் ஒரு பகுதியை மட்டும்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக் கல்லுக்குள் ஊறி வருவது. அதில் கல்சியமும் பைகாபனேற்றும் மிகுதி. கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிவது அதுதான். அந்தத் தண்ணீரில் திம்புள்ளத் தேயிலையைப் போட்டால் இரண்டு காரியம் நடக்கும். ஒன்று, மேலே ஒரு மெல்லிய ஆடை படியும், கோப்பையின் ஓரத்தில் பழுப்பு வளையமாக ஒட்டும். கல்சியமும் தேயிலைச் சாறும் காற்றும் கூடிச் செய்யும் வேலை அது. இரண்டாவது, காரத்தன்மையால் நிறம் கறுக்கும். "ஆகா, என்ன சாயம்!" என்று நாம் மெச்சுவது பல சமயம் தேயிலையை அல்ல, கிணற்றை. நிறம் கறுத்த அதே வேகத்தில் ஒளியும் துடிப்பும் போய்விட்டிருக்கும். சென்னையில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் போட்டாலும் இதே கதிதான்.

தேசிக்காய் இதற்கு நேர் எதிராக வேலை செய்கிறது. சில துளி பிழிந்ததும் கறுப்பு மஞ்சளாகிறது. தேயிலையின் நிறப்பொருள்கள் அமிலத்தில் வெளிறும், காரத்தில் கறுக்கும். ஒரே தூளைத் தண்ணீரை மாற்றியே கறுப்பாகவும் வெளிறலாகவும் காட்ட முடியும் என்றால், நிறத்தை வைத்துத் தூளை மதிப்பதில் என்ன நியாயம்?

வழி என்னவென்றால், வன்மையான தண்ணீர் உள்ள ஊரில் மழைநீரைச் சேர்த்து வடித்துக் காய்ச்சுங்கள், அல்லது கனிமம் குறைந்த போத்தல் தண்ணீரை வாங்குங்கள். வீட்டில் ஆர்.ஓ. வடிகட்டி இருந்தால் அந்தத் தண்ணீரோடு கொஞ்சம் குழாய்த் தண்ணீரைக் கலப்பது நல்லது. கனிமமே இல்லாத தண்ணீரில் தேத்தண்ணி மொட்டையாக இருக்கும். மலையகத்தில் இருப்பவர்களுக்கு இந்தக் கவலை குறைவு, பீலித் தண்ணீர் பெரும்பாலும் மென்மையானது.

அவர்களுக்கு வேறொரு கணக்கு இருக்கிறது. உயரம் ஏற ஏறத் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும், ஏறத்தாழ 300 மீற்றருக்கு ஒரு பாகை செல்சியஸ். ஹட்டன் 1,270 மீற்றர் அளவில் இருக்கிறது, அங்கே கொதிநிலை 96 பாகைக்குக் கிட்ட. நுவரெலியாவில் 94 அளவில். கொழும்பில் 100. கறுப்புத் தேயிலைக்கு முழுக் கொதி வேண்டும் என்பதால், மலையில் கொதி வந்த கையோடு ஊற்ற வேண்டும், கேத்தலை இறக்கிவைத்துவிட்டுப் பேச்சுக் கொடுக்கக் கூடாது. நேரத்திலும் அரை நிமிடம் கூட்டிக்கொள்ளலாம். எந்த ஊரானாலும் காலையில் கொதித்து ஆறிய தண்ணீரைப் பிற்பகலில் மறுபடி கொதிக்கவைத்துத் தேயிலையில் ஊற்றாதீர்கள். புதிதாகப் பிடித்துக் காய்ச்சுங்கள்.

சுவை பார்க்கும் முறை

கொழும்பின் ஏல வட்டாரத்திலும் தோட்டத் தொழிற்சாலைகளிலும் சுவைஞர்கள் பார்க்கும் முறையை வீட்டில் அப்படியே செய்யலாம். அனைத்துலகத் தர நிர்ணயம் ஐ.எஸ்.ஓ. 3103 சொல்லும் அளவு 100 மில்லிலீற்றருக்கு 2 கிராம், 6 நிமிடம். இது குடிப்பதற்கான அளவல்ல. நன்மையும் குறையும் உரத்துத் தெரிவதற்காகவே இவ்வளவு கடுமை. முதல் வாயில் முகம் சுளிக்கும், சுளிக்கட்டும்.

தேவையானவை: ஒரு சிறு டிஜிட்டல் தராசு, மூடியுள்ள இரண்டு மூன்று வெள்ளைப் பீங்கான் கோப்பைகள், அதே அளவுக்கு வெள்ளைக் கிண்ணங்கள், ஒரு மேசைக்கரண்டி, துப்புவதற்கு ஒரு பாத்திரம். இடம் நேர் வெயில் விழாத யன்னல் ஓரம். சுவை பார்க்கும் அறைகளில் வடக்குப் பார்த்த யன்னலை விரும்புவது இதற்காகத்தான். மஞ்சள் மின்குமிழின் கீழ் எல்லாத் தேத்தண்ணியும் அழகாகவே தெரியும். தாளிப்பு மணக்கும் நேரம் வேண்டாம். ஊதுபத்தியும் சாம்பிராணியும் அணைந்து ஒரு மணி நேரமாவது ஆகியிருக்கட்டும்.

ஒற்றைத் தேயிலையைத் தனியே சுவைத்துப் பயனில்லை, பக்கத்தில் இன்னொன்று வேண்டும். முதல் தடவைக்கு ஒரு தோட்டத்துப் பெப்ரவரித் தூளையும், வீட்டில் அன்றாடம் குடிக்கும் தூளையும் அருகருகே வையுங்கள். அடுத்த தடவை அதே தோட்டத்து ஜூன் மாதத் தூள் கிடைக்குமா பாருங்கள். கிடைத்தால் காற்று என்ன செய்கிறது என்று நான் மேலே எழுதியதை உங்கள் நாக்கே எழுதிவிடும். அதற்குப் பிறகு நுவரெலியா, திம்புள்ள, ஊவா மூன்றையும் வரிசையாக வைக்கலாம். நுவரெலியா வெளிறிய பொன்னிறம், மெலிந்த உடல், பூ மணம். ஊவாவில் அதன் தரப் பருவமான ஜூலை முதல் செப்டெம்பர் வரை செய்ததென்றால், மூக்கில் ஏறும் ஒரு தைல வாடை தெரியும். திம்புள்ள நடுவில் நிற்கும், மணமும் உண்டு, வாய் நிறையும் உடலும் உண்டு.

நிறுத்துப் போட்ட தூளில் கொதிநீரை ஊற்றி மூடி, 6 நிமிடம் கழித்துக் கிண்ணத்தில் முழுவதையும் வடித்துவிடுங்கள். பிறகு கோப்பையைக் கவிழ்த்து, வெந்த இலையை மூடியின் உட்புறத்தில் தட்டி வையுங்கள். பெரும்பாலோர் கிண்ணத்தைத்தான் முதலில் பார்ப்பார்கள், நீங்கள் இலையைப் பாருங்கள். நல்ல திம்புள்ளவின் வெந்த இலை புதுச் செப்புக்காசு நிறத்தில், ஒரே சீராக இருக்கும். பச்சை கலந்திருந்தால் காற்றேற விட்டது போதவில்லை. மந்தமான காப்பிப்பொடி நிறமென்றால் அளவுக்கு மீறி விட்டிருக்கிறார்கள், அல்லது சூட்டில் கருக்கிவிட்டார்கள். சூடு இருக்கும்போதே மூக்கை இலைக்கு அருகில் கொண்டுபோங்கள். கிண்ணத்துச் சாற்றைவிட இந்த ஈர இலையில்தான் மணம் அதிகம். மல்லிகையின் சாயல், கொஞ்சம் சைப்ரஸ் மரத்து வாசம் என்று சுவைஞர்கள் எழுதுவார்கள். எனக்குச் சில தோட்டங்களில் புதிதாய் உடைத்த யூக்கலிப்டஸ் இலை தட்டுப்படும், அது என் மூக்கின் பிரமையாகவும் இருக்கலாம்.

இனிக் கிண்ணம். நிறம் எவ்வளவு அடர்த்தி என்று பார்க்காதீர்கள், எவ்வளவு ஒளி என்று பாருங்கள். நல்ல தேயிலையில் சாறு கண்ணாடி மாதிரி தெளிந்து, விளிம்பில் ஒரு பொன் வளையம் கட்டும். தியாஃபிளேவின் என்ற பொருள் அந்த ஒளியையும் நாக்கின் துடிப்பையும் தருகிறது. அடர்ந்த நிறத்தையும் உடலையும் தருவது தியாருபிஜின். கொழுந்தை வாட்டி, உருட்டிக் காற்றுப்பட விடும் நேரம் நீள நீள முன்னது பின்னதாக மாறிக்கொண்டே போகும். எந்த நிமிடத்தில் அடுப்பில் ஏற்றி நிறுத்துவது என்பதுதான் டீமேக்கரின் கைவண்ணம். தரப் பருவத்தில் அவர் கொஞ்சம் முந்தியே நிறுத்துவார், நிறம் போனாலும் மணம் நிற்கட்டும் என்று. அடர்த்தியான நிறம் வேண்டும் என்று நாம் கேட்பது, அவர் முந்தி நிறுத்தியதைத் தவறு என்று சொல்வதற்குச் சமம்.

கரண்டியில் எடுத்து, சத்தம் போட்டு உறிஞ்சுங்கள். வெட்கப்பட வேண்டியதில்லை. காற்றோடு சேர்ந்து சாறு தூவானமாகி அண்ணத்தில் பட்டால்தான் மணம் மூக்குக்கு ஏறும். வாயில் சுழற்றித் துப்புங்கள். கைப்பையும் துவர்ப்பையும் பிரித்துப் பார்க்கப் பழகுவது இங்கேதான் முக்கியம். கைப்பு நாக்கில் தங்கும். துவர்ப்பு ஈறையும் கன்னத்தின் உட்புறத்தையும் இழுத்துப் பிடிக்கும். நல்ல திம்புள்ளவில் துவர்ப்பு சட்டென்று வந்து சட்டென்று விட்டுப்போகும், பின்னால் ஒரு இனிப்பு மிஞ்சும். இதைச் சுவைஞர்கள் 'பிரிஸ்க்' என்பார்கள். துவர்ப்பு விடாமல் பிடித்துக்கொண்டே இருந்தால் அது 'ஹார்ஷ்'. ஒன்றுமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு போனால் 'சொஃப்ட்', இது பாராட்டல்ல. அடுப்பில் அதிகம் காய்ந்ததற்கு 'பேக்கி'.

சாறு ஆறியதும் மறுபடி பாருங்கள். சில கிண்ணங்களில் பால் கலந்ததுபோல் கலங்கியிருக்கும். பழுதாகிவிட்டதோ என்று கொட்டிவிடாதீர்கள். கஃபேனும் தேயிலையின் துவர்ப்புப் பொருள்களும் சேர்ந்து பிரிவதால் வருவது அது. சாறு செறிவானது என்பதற்கு அதுவே சாட்சி. மீண்டும் சூடாக்கினால் தெளிந்துவிடும்.

குடிப்பதற்கு ஊற்றுவது

குடிக்கும் அளவு: 200 மில்லிலீற்றர் கோப்பைக்கு 2 முதல் 2.5 கிராம். தேக்கரண்டியை நம்ப வேண்டாம். ஒரே கரண்டியில் பி.ஓ.பி.எஃப். ஏறத்தாழ 3 கிராம் ஏறும், முறுக்கிய முழு இலை 2 கிராமைத் தொடாது. பி.ஓ.பி.எஃப்.புக்கு 3 நிமிடம், பி.ஓ.பி.க்கு மூன்றரை அல்லது 4, முழு இலைக்கு 5. பானையைக் கொதிநீரால் கழுவிச் சூடேற்றிவிட்டுத் தூளைப் போடுங்கள். நேரம் வந்ததும் இன்னொரு பாத்திரத்தில் முழுவதையும் வடித்துவிட வேண்டும், தூளோடு ஊற விடக் கூடாது. கடும் தேத்தண்ணி வேண்டுமென்றால் தூளைக் கூட்டுங்கள், நிமிடத்தைக் கூட்டாதீர்கள். மணம் முதல் நிமிடங்களில் இறங்கிவிடுகிறது, பிறகு வருவது பெரும்பாலும் துவர்ப்புத்தான்.

அடுப்பில் தண்ணீரோடு தூளையும் போட்டுக் கொதிக்கவிடும் நம் வழக்கம் டஸ்டுக்குச் சரி, பாலும் சீனியும் இஞ்சியும் சேர்வதற்குச் சரி. பெப்ரவரிப் பி.ஓ.பி.யை அப்படிச் செய்தால் மணம் முழுவதும் அடுப்பங்கரைக்குப் போய்விடும், பாத்திரத்தில் மிஞ்சுவதை மலிவான கடைத் தூளிலேயே எடுத்திருக்கலாம்.

பால் ஊற்றலாமா என்று கேட்பவர்களுக்கு, ஊற்றலாம். நுவரெலியா பாலில் காணாமல் போகும், திம்புள்ள தாங்கும். பாலின் புரதம் துவர்ப்பைப் பிடித்து இழுத்துக்கொள்ளும், சாறு பொன்னிறமாகும். ஐ.எஸ்.ஓ. முறையிலேயே பெரிய கிண்ணத்துக்கு 5 மில்லிலீற்றர் பால் சேர்த்துப் பார்க்க இடமுண்டு. அளவைக் கவனியுங்கள், ஒரு தேக்கரண்டி. பசும்பாலாக இருக்கட்டும். பால்மாவுக்கும் ரின்பாலுக்கும் தங்களுக்கென்று ஒரு காய்ச்சிய வாசனை உண்டு, திம்புள்ளவின் மணம் அதற்குக் கீழே படுத்துவிடும். இனிப்பு வேண்டுமென்றால் கோப்பைக்குள் சீனி போடுவதைவிட, நம் ஊர் வழக்கப்படி வெறுந்தேத்தண்ணியோடு பனங்கட்டியையோ கித்துள் கருப்பட்டியையோ கடித்துக்கொள்வது மேல். இனிப்பு வாய்க்குக் கிடைக்கும், கோப்பையின் மணமும் கெடாது.

ஊலோங் எங்கே வருகிறது

இலங்கை கறுப்புத் தேயிலை நாடு, இலையைப் பாதி மட்டும் காற்றேற விட்டுச் செய்யும் ஊலோங் இங்கே சிறு அளவில் மட்டுமே நடக்கும் காரியம். நீலகிரியில் குன்னூர்ப் பக்கம் சில தொழிற்சாலைகள் செய்கின்றன. அதன் தாய்வீடு சீனாவின் ஃபூஜியன் மாநிலமும் தாய்வானும். நம் மலையில் கோப்பித் துரு கண்டுபிடிக்கப்பட்ட அதே 1869இல்தான் ஜோன் டொட் என்ற வணிகர் தாய்வான் ஊலோங்கை நியூயோர்க்குக்குக் கப்பலேற்றி அந்தத் தீவின் தேயிலைக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தார்.

திம்புள்ள அத்தியாயத்தில் இதைச் சேர்ப்பதற்குக் காரணம், ஊலோங்கோடு பழகியவருக்குத் திம்புள்ளவின் பூ மணம் விரைவில் பிடிபடும். இரண்டிலும் லினலூல், ஜெரானியோல் போன்ற மணப்பொருள்கள் உண்டு. ஊலோங்கில் இலையை வாட்டி, குலுக்கி விளிம்பை மட்டும் காயப்படுத்தி, பாதி வழியில் சூடு காட்டிக் காற்றின் வேலையை நிறுத்திவிடுகிறார்கள். கறுப்புத் தேயிலையின் கடுமை சேர்வதற்கு முன்பே நிறுத்துவதால் மணம் தனியாக வெளியே தெரிகிறது. முதலில் ஒரு துங்திங் அல்லது அலிஷான் ஊலோங்கைக் குடித்துவிட்டு, வாயைக் கழுவி, பெப்ரவரித் திம்புள்ளவுக்கு வாருங்கள். துவர்ப்புக்குப் பின்னால் அதே உறவு மணம் எட்டிப் பார்ப்பது தெரியும்.

ஊற்றும் முறையில் மட்டும் இரண்டையும் குழப்பக் கூடாது. உருண்டையாகச் சுருட்டிய ஊலோங்கை 100 மில்லிலீற்றருக்கு 5 கிராம் என்று தாராளமாகப் போட்டு, கொதிநிலைக்குக் கிட்டிய தண்ணீரை ஊற்றி, முக்கால் நிமிடத்தில் வடிக்க வேண்டும். அதே இலையில் ஐந்தாறு தடவை ஊற்றலாம், ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் நேரம் கூட்டி. முழு இலை மெல்ல மெல்ல விரிந்து கொடுக்கும். உடைத்த இலையான பி.ஓ.பி.க்கு இந்த வித்தை பலிக்காது. அது தன்னிடம் உள்ளதை முதல் தடவையிலேயே கொட்டிவிடும், இரண்டாவது ஊற்றில் நிறமுள்ள வெந்நீர்தான் வரும். அதைச் சிக்கனம் என்று நினைத்து விருந்தாளிக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

வைத்திருப்பது

அடுப்பில் காய்ந்து வெளிவரும்போது தேயிலையில் ஈரம் நூற்றுக்கு 3 அளவில்தான் இருக்கும். அந்த வறட்சியால் அது பக்கத்தில் உள்ள எதையும் உறிஞ்சும், ஈரத்தையும் வாசத்தையும். நம் வீடுகளில் தேயிலைப் பேணி இருக்கும் இடத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்: மிளகாய்த்தூளுக்கும் மாசிக்கருவாட்டுக்கும் நடுவில், இல்லாவிட்டால் சாமி அலமாரியின் கீழ்த்தட்டில் சூடத்தோடு. இரண்டு இடமும் ஆகாது. இறுக மூடும் உலோகப் பேணியில், பேணி நிறையும் அளவுக்குப் போட்டு, அடுப்புச் சூடு எட்டாத இடத்தில் வையுங்கள். குளிர்சாதனப் பெட்டி வேண்டாம், வெளியே எடுக்கும் ஒவ்வொரு தடவையும் ஈரம் கோக்கும். கண்ணாடிப் போத்தல் பார்க்க நன்றாக இருக்கும், வெளிச்சம் மணத்தைத் தின்னும்.

திறந்த பெட்டியை மூன்று மாதத்துக்குள் முடித்துவிடப் பாருங்கள். பிந்திவிட்டால், மணம் போன தூளிலும் உடல் மிஞ்சியிருக்கும். ஓர் அங்குல இஞ்சியைத் தட்டிப் போட்டு, பாலூற்றிக் கொதிக்கவைத்துக் குடித்துத் தீர்த்துவிட்டு, அடுத்த ஏப்ரலில் கடைக்காரரிடம் இந்த ஆண்டின் பெப்ரவரிச் சரக்கு வந்துவிட்டதா என்று கேளுங்கள்.